பால்டர்ஸ் கேட்டை மேசைக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998 டிசம்பரில் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டின் முதல் பாகத்தை நான்கு நண்பர்களுக்கு மேசை ஆட்டமாக (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது) நடத்தி முடித்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மொத்தம் 31 செஷன்கள். அதற்கப்புறம் "நாங்களும் நடத்தலாம் என்று இருக்கிறோம்" என்று வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். இது டிஎம்மாக, அதாவது கதையை நடத்தி மற்ற எல்லாப் பாத்திரங்களுக்காகவும் பேசுபவராக உட்காரப் போகிறவருக்கானது. கதையின் எல்லா முடிச்சும் இதில் அவிழ்ந்து கிடக்கும். ஆட்டக்காரராக உட்காரப் போகிறவர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளையாட்டை நான் ஆடியதில்லை. கதைதான் என்ன?

கேண்டில்கீப் என்பது கடலோரத்தில் இருக்கும் ஒரு கோட்டை நூலகம். அரிய நூல் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே கோரியன் என்ற முதிய மந்திரவாதி வளர்த்த அனாதைப் பிள்ளைதான் நாயகன். ஒரு நாள் கோரியன் அவசரமாக அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறார். அன்று இரவே கவசம் அணிந்த ஒருவன் வழிமறித்து அவரைக் கொல்கிறான்.

அதே சமயம் ஊரெங்கும் இரும்பு கெட்டுப்போகிறது. வாள் உடைகிறது, ஏர்க்கொழு உடைகிறது. தெற்கே நாஷ்கெல் சுரங்கத்தில் முலாஹே என்பவன் கோபோல்டு என்ற குட்டி அரக்கர்களை வைத்துத் தாதுவின்மேல் ஒரு திரவத்தை ஊற்றச் சொல்கிறான். வழியில் கொள்ளையர்கள் வண்டிகளை மறித்து நல்ல இரும்பைப் பறிக்கிறார்கள். இரண்டையும் நடத்துவது அயர்ன் த்ரோன் என்ற வணிகக் கூட்டம். க்ளோக்வுட் காட்டுக்குள் அவர்களுக்கு ஒரு ரகசியச் சுரங்கம் இருக்கிறது. விலை உச்சத்துக்குப் போனதும் அங்கே சேர்த்ததை விற்பது அவர்கள் திட்டம். ஆனால் அந்தக் கூட்டத் தலைவனின் வளர்ப்பு மகன் சாரெவோக்கின் கணக்கு வேறு. பால்டர்ஸ் கேட் நகரத்துக்கும் தெற்கே உள்ள ஆம்ன் நாட்டுக்கும் போர் மூள வேண்டும், ஆயிரக்கணக்கில் சாக வேண்டும், அந்தச் சாவின் வழியாகத் தான் கொலையின் கடவுளாக வேண்டும் என்பது அவன் கணக்கு. பாஹ்ல் என்ற கொலைக் கடவுள் தான் சாவதற்கு முன்பே பல இனத்துப் பெண்களிடம் பிள்ளைகளைப் பெற்றுவிட்டுப் போனவன். சாரெவோக் அவர்களில் ஒருவன். நாயகனும் ஒருவன்.

எத்தனையோ விளையாட்டு இருக்க, இதை ஏன்?

இது மேசையிலிருந்து கிளம்பிய விளையாட்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு விதிகளை அப்படியே கணினிக்குள் வைக்க பயோவேர் நிறுவனம் முயன்றது. மின்ஸ்க் உட்பட இதில் வரும் சில பாத்திரங்கள், உருவாக்கியவர்கள் தங்களுக்குள் ஆடிய மேசை ஆட்டத்தில் பிறந்தவை. அதனால் திரும்ப மேசைக்குக் கொண்டுவரும்போது தடங்கல் குறைவு. அப்புறம் இன்னொன்று: முதல் நிலையில், அதாவது மிகக் குறைந்த பலத்தில் தொடங்கும் ஆட்களுக்குப் புரியும் பிரச்சினை இது. பிரபஞ்சத்தைக் காப்பாற்று என்று கேட்கும் கதைக்குள் நுழைய ஆட்டக்காரர்களுக்கு நேரம் பிடிக்கும். கொல்லன் கடையில் ஆணி இல்லை என்பது முதல் பத்து நிமிடத்தில் உறைக்கும்.

மறுபடி ஆடிப் பார்க்க விரும்பினால் 2012-இல் வந்த மேம்பட்ட பதிப்பு கணினியிலும் கைபேசியிலும் கிடைக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? விளையாட்டின் ஏழு அத்தியாயங்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது செஷனில் ஆட்டக்காரர்கள் நாஷ்கெலுக்குப் போகாமல் வடக்கே திரும்பியபோது, நான் எழுதி வைத்திருந்த நாற்பது பக்கமும் பயனில்லாமல் போனது.

கணினி விளையாட்டில் உலகம் நாயகனுக்காகக் காத்திருக்கிறது. நாஷ்கெல் சுரங்கத்துக்கு நீங்கள் ஒரு மாதம் கழித்துப் போனாலும் முலாஹே அதே அறையில் நின்றுகொண்டிருப்பான். மேசையில் அப்படி நிற்க வைத்தால் இரண்டே செஷனில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. எதிரி என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே காட்சிகளை விட்டுவிட்டு, சாரெவோக்கின் நாட்காட்டியை எடுத்து வாருங்கள். "யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும்?" என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்.

கோரியன் இறந்த இரவை முதல் நாளாக வைத்து நான் எழுதியது இது. 15-ஆம் நாள், பெரெகோஸ்ட் என்ற ஊரின் கொல்லர் டேரோம் புதிய வேலை ஏற்க மறுக்கிறார். 30-ஆம் நாள், நாஷ்கெல் சுரங்கம் மூடப்பட்டு தொழிலாளர்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். 45-ஆம் நாள், கொள்ளையர்கள் சாலையை முழுதாக அடைக்கிறார்கள், வடக்கே உணவு விலை ஏறுகிறது. 60-ஆம் நாள், எல்லாவற்றுக்கும் ஆம்ன்தான் காரணம் என்று நகரத்தில் பேச்சு பரவுகிறது. 80-ஆம் நாள், நகரத்தை ஆளும் டியூக்குகளில் ஒருவரான எல்டன் நோயில் விழுகிறார். அவருக்கு வைத்தியம் பார்ப்பவனே பிறர் முகத்தை எடுத்துக்கொள்ளும் உருமாறி. 100-ஆம் நாள், சாரெவோக் டியூக்காகத் தேர்வாகிறான். 101-ஆம் நாள், போர்.

இவ்வளவுதான் என் தயாரிப்பின் முதுகெலும்பு. ஆட்டக்காரர்கள் எங்கே திரும்பினாலும் நாட்காட்டி அந்த ஊரில் என்ன செய்திருக்கும் என்று மட்டும் யோசித்தேன். முலாஹேயை 22-ஆம் நாளில் பிடித்துவிட்டார்கள், அதனால் சுரங்கம் மூடவில்லை. அயர்ன் த்ரோன் அதை ஈடுகட்டக் கொள்ளையர்களை இரட்டிப்பாக்கியது. இந்த மறுமொழியைக் கணினி தர முடியாது. உங்களால் முடியும்.

நாயகன் ஒருவன். மேசையில் நான்கு பேர். கொலைக் கடவுளின் பிள்ளை யார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சரியாக யோசிக்காவிட்டால் ஆட்டம் முழுவதையும் கெடுப்பதும் இதுதான்.

ஒருவரை மட்டும் பிள்ளையாக்கினால் மற்ற மூவரும் துணைக்கு வருபவர்கள் ஆகிவிடுவார்கள். கனவு அவருக்கு, சாபம் அவருக்கு, எதிரியின் கடைசி வசனமும் அவருக்கு. மூன்று நண்பர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பார்வையாளராக உட்கார வேண்டியிருக்கும். யாரையும் பிள்ளையாக்காமல் விட்டால் சாரெவோக் வெறும் கொடியவனாகச் சுருங்கிவிடுகிறான். கதையின் வலியே அவன் உங்கள் அண்ணன் என்பதில் இருக்கிறது.

நான் நால்வரையும் பாஹ்லின் பிள்ளைகளாக்கினேன். விளையாட்டே இதற்கு வழி விட்டிருக்கிறது: நாயகனோடு வளர்ந்த இமோயன் என்ற பெண்ணும் அதே கடவுளின் மகள் என்பது 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் தெரியவரும். கோரியன் ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர் என்றால் நான்கு குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம். நால்வரும் கேண்டில்கீப்பில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்றதும் குழுவுக்கு ஒரு குடும்ப உறவு வந்தது. "விடுதியில் முன்பின் தெரியாதவர்கள் சந்திக்கிறார்கள்" என்ற செயற்கையான தொடக்கமும் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டாலும், "உங்கள் பாத்திரத்தின் பெற்றோர் யார் என்று நான் முடிவு செய்யலாமா?" என்று தொடக்கத்திலேயே அனுமதி வாங்குங்கள். எங்கள் குழுவில் ஒருவர் தன் பாத்திரத்தின் தாய் யார் என்று மட்டும் தானே எழுத விரும்பினார். அந்தத் தாயின் கதை கடைசியில் ஆட்டத்தின் மிக நல்ல செஷனுக்கு வித்தானது.

கோரியன் சாகத்தான் வேண்டும். ஆனால் தோற்கவே வைத்திருக்கும் சண்டையை ஆட்டக்காரர்கள் ஏற்பார்களா?

ஏற்கமாட்டார்கள். பகடையைக் கையில் கொடுத்துவிட்டு முடிவை நீங்களே வைத்துக்கொண்டால் அது ஏமாற்று வேலை. கணினியில் அந்தக் காட்சியில் நாம் வெறுமனே பார்க்கிறோம், அதனால் வலிக்கவில்லை.

நான் வெளிப்படையாகச் சொன்னேன்: "இந்த இரவு கோரியன் இறப்பார். அதை மாற்ற முடியாது. ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யலாம், அது வெற்றி பெறும்." ஒருவர் கோரியனின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒருவர் கவசக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு ஒளிரும் மஞ்சள் கண்கள் தெரிந்தன. மூன்றாமவர் இமோயனை இழுத்துப் போனார். நான்காமவர் எதுவும் செய்யாமல் கோரியனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வார்த்தையைக் கேட்டார். முடிவு தெரிந்திருந்தும் மேசையில் ஒரு சத்தம் இல்லை.

எந்த விதிகளில் நடத்துவது?

உங்கள் குழுவுக்கு எது பழக்கமோ அது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் நடத்தினேன். இரண்டாம் பதிப்பின் எண்களை மாற்றிக் கணக்குப் போட்டு உட்காராதீர்கள். அதில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும், ஐந்தாம் பதிப்பில் கூடக் கூடக் கூடும். கோபோல்டு, நோல், ஓகர், ஆன்கெக், உருமாறி எல்லாம் ஐந்தாம் பதிப்பின் அரக்கர் நூலிலேயே இருக்கின்றன. அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையை ஏற்றும் அனுபவப் புள்ளிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அப்படியே கொண்டுவராதீர்கள். அசல் விளையாட்டில் உச்சவரம்பு 89,000. இரண்டாம் பதிப்புக் கணக்கில் அதற்குப் போர்வீரர் 7-ஆம் நிலையில் நிற்பார், திருடர் 8-இல். மந்திரவாதிக்கு 8-ஆம் நிலை 90,000-இல் வருவதால் அவர் ஆயிரம் புள்ளி குறைவாக 7-இலேயே நின்றுவிடுவார். அதே 89,000 ஐந்தாம் பதிப்பில் 11-ஆம் நிலை. அந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சாரெவோக் ஒரு பொருட்டே இல்லை. புள்ளிகளை விட்டுவிட்டுக் கதையின் திருப்பங்களில் நிலை ஏற்றுங்கள். எங்கள் குழு 8-ஆம் நிலையில் முடித்தது.

விளையாட்டில் அடிக்கு ஒரு சண்டை வருகிறதே. அத்தனையையும் வைக்க வேண்டுமா?

பத்தில் ஒன்றை வையுங்கள். நாஷ்கெல் சுரங்கத்தில் கோபோல்டுகளைக் கணினியில் அரை நிமிடத்தில் வெட்டிவிட்டுப் போகலாம். அதே சண்டை மேசையில் 45 நிமிடம் ஆகும். அப்படி எட்டு வைத்தால் இரண்டு ஞாயிறு போய்விடும், கதை ஓர் அடியும் நகர்ந்திருக்காது.

நான் அந்தச் சுரங்கத்தில் வைத்தது இரண்டே சண்டை. மற்ற இடங்களில் சண்டையின் தடயத்தை வைத்தேன்: கடித்துப் போட்ட தொழிலாளியின் கை, சுவரோரம் ஒழுகும் பச்சை நிறத் திரவம், இருட்டில் பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள். ஆட்டக்காரர்கள் சண்டை போட்டதைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எட்டு மணி நேரம் தூங்கி எழுவோம். இங்கே தூங்கினால் நாட்காட்டியில் ஒரு நாள் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும், நீங்கள் எதையும் தடை செய்ய வேண்டியதில்லை.

இரும்பு கெட்டுப்போவதை மேசையில் எப்படிக் காட்டுவது?

விளையாட்டில் மந்திரமில்லாத ஆயுதம் திடீரென்று உடையும். நான் ஒரே ஒரு விதி போட்டேன்: தாக்கும்போது இருபது பக்கப் பகடையில் 1 விழுந்தால் இரும்பு ஆயுதம் உடைந்துவிடும். நெருக்கடி முற்ற முற்ற 1 அல்லது 2 என்று ஆக்கினேன். குழுவில் இருந்த போர்வீரர் 9-ஆவது செஷனில் மரத் தண்டுக்கு மாறிவிட்டார். நான் எவ்வளவு வர்ணித்திருந்தாலும் அது போல வராது.

ஆயுதத்தோடு நிறுத்தாதீர்கள். கிணற்று ராட்டின அச்சு, வண்டிச் சக்கரப் பட்டை, வீட்டுக் கீல், அரிவாள். ஒரு கிராமத்தில் அறுவடை நிற்கிறது, ஏனென்றால் அரிவாள் இல்லை. விளையாட்டு இதைத் தொடவில்லை, நீங்கள் தொட்டால் கதை விரியும். அயர்ன் த்ரோனின் மேல் ஆட்டக்காரர்களுக்கு உண்மையான கோபம் வந்தது அந்தக் கிராமத்தில்தான், கோரியன் இறந்த இடத்தில் இல்லை.

துப்பெல்லாம் செத்தவன் சட்டைப் பையில் இருக்கும் கடிதமாகவே வருகிறது. அது மேசையில் வேலை செய்யுமா?

செய்யாது. முலாஹேயின் பெட்டியில் அவனுக்கு மேலே இருக்கும் டாசோக் எழுதிய கடிதம், கொள்ளையர் முகாமில் க்ளோக்வுட் பற்றிய கடிதம் என்று விளையாட்டு ஒரே சங்கிலியாகப் போகிறது. ஒரு கண்ணி விட்டுப்போனால் முடிந்தது.

எங்கள் குழு முலாஹேயைக் கொல்லவே இல்லை. விளையாட்டிலும் அவன் கெஞ்சிவிட்டு அப்புறம் ஆட்களைக் கூப்பிடுவான். இங்கே அவன் கெஞ்சினான், இவர்கள் மனம் இரங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள். கடிதங்களைத் தானே எடுத்துக்கொண்டு அவன் நடந்து வெளியேறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது, ஒவ்வொரு முக்கியமான உண்மைக்கும் மூன்று வெவ்வேறு வழி வைக்க வேண்டும் என்று டிஎம்கள் நடுவே புழங்கும் பழக்கம். கடிதம் போனாலும் திரவக் குப்பி இருந்தது, அதை பெரெகோஸ்டில் ஒரு ரசவாதியிடம் காட்டலாம். பிடிபட்ட கோபோல்டுக்குக் குப்பிகளைக் கொண்டுவரும் வண்டிக்காரனின் முகம் தெரியும். பெரெகோஸ்ட் விடுதியில் தங்கியிருக்கும் அயர்ன் த்ரோனின் ஆள் டிரான்சிக் அடிக்கடி தெற்கே ஆள் அனுப்புவதை வேலைக்காரப் பெண் பார்த்திருக்கிறாள். இவர்கள் கோபோல்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பேர் வைத்துக் கடைசி வரை கூடவே வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டில் குழுவோடு சேரக்கூடிய 25 துணைவர்கள் இருக்கிறார்களே, யாரைச் சேர்ப்பது?

குழுவுக்குள் ஒருவருக்கு மேல் சேர்க்காதீர்கள். நீங்களே உங்களோடு பேசிக்கொண்டிருப்பதை யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த 25 பேரும் வீணில்லை, அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கேட்டு வருபவர்கள்.

மின்ஸ்க் என்பவன், நோல் என்ற அரக்கர்கள் பிடித்துவைத்திருக்கும் தைனஹேர் என்ற மந்திரக்காரியை மீட்கச் சொல்கிறான். எட்வின் என்ற மந்திரவாதி அதே தைனஹேரைக் கொல்லச் சொல்கிறான். இந்த இருவரையும் நாஷ்கெலில் ஒரே மாலையில் அடுத்தடுத்து வரவிட்டேன். மூன்று செஷன் அதிலேயே ஓடியது. ஜஹைராவும் காலிதும் கோரியனின் பழைய நண்பர்கள், ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியில் காத்திருப்பவர்கள். இவர்களை ஊர் தெரிந்த உறவினர் போல வைத்தேன். போக்கிடம் இல்லாதபோது போய் நிற்கும் வீடு.

யெஸ்லிக்கை மட்டும் கட்டாயம் கொண்டுவாருங்கள். க்ளோக்வுட் சுரங்கம் ஒரு காலத்தில் அவருடைய குள்ளர் குலத்துக்குச் சொந்தம். தண்ணீர் புகுந்து குலமே மாண்டது. இப்போது அதே சுரங்கத்தில் அவரே கைதி. அந்தச் சுரங்கத்தை மறுபடி மூழ்கடித்தால் அயர்ன் த்ரோன் முடங்கும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் ஆட்டக்காரர்கள், பக்கத்தில் நிற்பவர் யெஸ்லிக். நான் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் அடிமைகளை வெளியே கொண்டுவரவே ஒரு முழு ஞாயிறு பிடித்தது.

செத்தால்? சேமித்த இடத்திலிருந்து மறுபடி 'லோட்' செய்து ஆட இங்கே சேவ் இல்லையே.

இல்லை, அதனால்தான் பயம் இருக்கிறது. ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படிக்கட்டில் காத்திருக்கும் கூலி மந்திரவாதி எத்தனையோ பேருக்குக் கணினியில் முதல் 'லோட்'டைக் கொடுத்தவன். மேசையில் அவனை முதல் நிலை ஆட்கள்மேல் அப்படியே ஏவினால் குழுவே போய்விடும். விடுதிக் காவலர்கள் ஓடிவர இரண்டு சுற்று ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

கனவுகளையும் நற்பெயர் எண்ணையும் வைக்கலாமா?

எண்ணை விடுங்கள், கனவை எடுங்கள். நற்பெயர் 1 முதல் 20 வரை ஓர் எண்ணாக இருந்து கடை விலையை மாற்றுவது கணினிக்குத் தேவை. இங்கே கடைக்காரரே உங்கள் வாயால் பேசுகிறார். அவர் கதவைத் திறக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

கனவு வேறு. விளையாட்டில் அத்தியாயங்களுக்கு நடுவே நாயகனுக்குக் கனவு வரும். நல்லவனாக நடந்திருந்தால் காயம் ஆற்றும் சக்தி, கெட்டவனாக நடந்திருந்தால் உயிரை உறிஞ்சும் சக்தி. நான் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாகக் கனவை எழுதி, செஷனுக்கு முந்தைய இரவு கைபேசியில் அனுப்பினேன். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. 12-ஆவது செஷனில் ஒருவர் தன் கனவைச் சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் பாதியில் நிறுத்தி மீதியை அவரே சொன்னார். தாங்கள் எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பது அவர்களுக்குப் புரிந்தது அந்த மேசையில், அந்த நிமிடம். விளையாட்டில் இதைச் சொல்லும், கோரியன் எழுதிவைத்த கடிதத்தை நான் படித்துக் காட்டவே தேவைப்படவில்லை.

என் ஆட்டக்காரர்களில் ஒருவர் விளையாட்டை முழுதாக ஆடியவர். என்ன செய்வது?

அவரை நம்புங்கள். "உனக்குத் தெரிந்ததை உன் பாத்திரத்துக்குச் சொல்லாதே" என்றாலே பெரும்பாலானவர்கள் காப்பாற்றுவார்கள். அதோடு ஆள்களை மாற்றுங்கள், காரணத்தை மாற்றாதீர்கள். உருமாறிகள் செவன் சன்ஸ் வணிகக் கூடத்துக்குள் புகுந்திருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஆட்டத்தில் எந்த முகம் போலி என்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் பாகத்தை நடத்தலாமா?

தாராளமாக. 2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட அது ஐந்தாம் பதிப்பு விதிகளிலேயே ஓடுவதால் எண் வேலை குறைவு. தலைக்குள் புழு ஏறி நாள் எண்ணும் கதை என்பதால் நாட்காட்டி முறை அதற்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். நீளம் மட்டும் அதிகம்.

உரிமைச் சிக்கல் வருமா?

வீட்டில் நண்பர்களோடு ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. எழுதி வெளியிடுவதென்றால் கவனம் வேண்டும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. ஆனால் சாரெவோக், கேண்டில்கீப் போன்ற பெயர்கள் அதில் இல்லை.

தமிழில் நடத்த முடியுமா?

முடியும், நாங்கள் தமிழில்தான் நடத்தினோம். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மொழிபெயர்க்கவில்லை. விதிச் சொற்கள் அப்படியே இருந்தன. சண்டையில் யார் முறை முதலில் என்பதைச் சொல்லும் 'இனிஷியேட்டிவ்' என்பதற்கு யாரும் தமிழ் தேடிக்கொண்டிருக்கவில்லை. பேச்சு முழுக்கத் தமிழ்.

தமிழில் கிடைக்கும் ஒரு வசதி ஆங்கில மூலத்தில் இல்லவே இல்லை: நீ, நீங்கள். ஒவ்வொரு பாத்திரமும் யாரை எப்படி அழைக்கும் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கோரியன் பிள்ளைகளை 'நீ' என்பார், சில சமயம் 'டா', 'கண்ணு'. டியூக்குகள் முதலில் 'நீ' என்று பேசிவிட்டு, நகரத்தைக் காப்பாற்றியபின் 'நீங்கள்' ஆவார்கள். சாரெவோக் யாரையும் 'நீங்கள்' என்றதில்லை, தன் வளர்ப்புத் தகப்பனைத் தவிர.

விளையாட்டின் பிற்பகுதியில் கேண்டில்கீப்பின் நிலவறைக்குள் உருமாறிகள் தெரிந்தவர்களின் முகத்தோடு எதிரே வருவார்கள். செத்துப்போன கோரியனும் வருவார். எங்கள் மேசையில் அது 24-ஆவது செஷன். இருட்டிலிருந்து கோரியன் வந்து நின்று, அன்றிரவு தன் கையைக் கடைசியாகப் பிடித்திருந்தவரை மட்டும் பார்த்து அன்பாகச் சிரித்து, "வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். யாரும் பகடையைத் தொடவில்லை. அவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா என்னை வாருங்கள்னு கூப்பிட மாட்டார்."

முடிந்ததும் இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அதன் தொடக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். அது குழுவை ஒரு மந்திரவாதியின் கூண்டுக்குள் வைத்துத் தொடங்குகிறது. பிடிபட்டது எப்படி என்று ஆடவே விடுவதில்லை. காலித் அதற்குள் இறந்து கிடப்பான். ஒரு வருஷத்துக்கு மேல் காலிதின் வீட்டில் சோறு சாப்பிட்டவர்களுக்கு அதை ஒரு வரியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒரு தாளை எடுத்து, அந்த மந்திரவாதிக்கு ஒரு நாட்காட்டி எழுதினேன். இப்போது 17-ஆம் நாள் ஓடுகிறது, குழு நாஷ்கெலில் தங்கியிருக்கிறது. கோபோல்டுக்குக் காய்ச்சல்.